ஆகாய ஆம்புலன்ஸ் நிலையங்களை மூடும் தீர்மானம்: கொடுத்தவர்களும் தீர்மானித்தவர்களும்

பலர் சேர்ந்து சிறுகச் சிறுகச் சேர்க்கும் பொருளால் பெரியதொரு காரியத்தைச் சாதிக்கலாம் என்பது கூட்டுறவாளர்களாகிய நமக்குப் புதிய செய்தியன்று. ஆனால் அவ்வாறு சாதித்த காரியத்தைப் பின்னொரு நாள் மாற்றவோ, குறைக்கவோ, ஓரிடத்தில் மூடிவிடவோ நேரும்போது, அதைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்கு உண்டு என்ற கேள்வியை நாம் போதிய அளவு சிந்திப்பதில்லை. பிரிட்டனைச் சேர்ந்த வேல்ஸ் நாட்டில் இரண்டு ஆகாய ஆம்புலன்ஸ் நிலையங்களை மூடுவது பற்றி 2022 முதல் நடந்த வாதப் பிரதிவாதம் இக்கேள்வியைத் தெளிவாக நம் முன் வைக்கிறது. தொலைதூரத்து விவகாரம் என்று இதை ஒதுக்கிவிடாமல், அங்கத்தினர்கள் பொறுமையுடன் படிக்குமாறு வேண்டுகிறோம்.

நெசவும் மேய்ச்சலும் உள்ள நாடு

வேல்ஸின் நடுப்பகுதியில் போவிஸ் என்றொரு பிரதேசம் உண்டு. வேல்ஸின் நிலப்பரப்பில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு அதுவே. ஆயினும் 2021-ஆம் வருஷத்துக் குடிக்கணக்கின்படி அங்கு வசிப்போர் சுமார் 1,33,000 பேர்தாம். வேல்ஸ் முழுவதிலும் வசிப்போரோ 31 லட்சம். போவிஸில் மலைகளும், ஆட்டு மந்தைகளும், ஒன்றுக்கொன்று தொலைவில் அமைந்த பண்ணை வீடுகளுமே மிகுதி. எல்லாச் சிகிச்சைப் பிரிவுகளும் கொண்ட பெரிய ஆஸ்பத்திரி அப்பிரதேசத்தின் எல்லைக்குள் ஒன்றுகூட இல்லை. கடும் நோயாளிகள் இங்கிலாந்தின் எல்லையோர நகரங்களுக்கோ, வேல்ஸின் வேறு பகுதிகளுக்கோ செல்ல வேண்டியவர்களே.

இப்பிரதேசம் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. இங்குள்ள நியூட்டவுன் என்னும் சிற்றூரில்தான் கூட்டுறவு இயக்கத்தின் முன்னோடியாகிய ராபர்ட் ஓவன் 1771-இல் பிறந்தார். 1858-இல் அதே ஊரில் காலமானார். அக்காலத்தில் நியூட்டவுன் கம்பளி ஃபிளானல் துணிக்குப் பேர்போன நெசவாளர் ஊர். வீடுகளின் மேல்மாடியில் வெளிச்சத்துக்காகப் பெரிய ஜன்னல்கள் வைத்துக் கைத்தறிகளை நிறுத்தியிருந்தார்கள். அத்தகைய கட்டடம் ஒன்று அவ்வூரில் பொருட்காட்சிச் சாலையாகப் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. தறி ஓசை ஓய்ந்துவிட்டது. மந்தைகள் இன்றும் உண்டு. நியூட்டவுனுக்கு அருகிலுள்ள வெல்ஷ்பூல் என்னும் ஊரிலிருந்த நிலையமே, மூடத் தீர்மானிக்கப்பட்ட இரண்டில் ஒன்று. மற்றது வடமேற்குக் கடலோரத்தில் கர்னார்வன் அருகில் அமைந்தது.

பறந்து வரும் வைத்தியம்

நோயாளி வைத்தியரிடம் போக இயலாவிடில் வைத்தியர் நோயாளியிடம் பறந்து செல்லலாம் என்ற எண்ணம் முதன்முதல் ஒழுங்கான ஸ்தாபனமாக உருப்பெற்றது ஆஸ்திரேலியாவில். ஜான் ஃபிளின் என்ற பாதிரியாரின் முயற்சியால் 1928-ஆம் வருஷம் மே மாதம் 17-ஆம் தேதி, க்வீன்ஸ்லாந்தின் கிளான்கரி என்னுமிடத்திலிருந்து முதல் வைத்திய விமானம் கிளம்பிற்று. அதற்குப் பின் பல நாடுகள் இம்முறையைத் தத்தம் நிலத்துக்கு ஏற்றவாறு கைக்கொண்டன. ஹெலிகாப்டர் பரவிய பிறகு விமானத் தளமும் அவசியமில்லாமற் போயிற்று. மேய்ச்சல் நிலமோ, சாலையோரமோ, சமதரையாக ஓர் இடம் கிடைத்தால் இறங்கிவிடலாம்.

இன்றைய ஆகாய ஆம்புலன்ஸை வேகமான வண்டி என்று மட்டும் கருதுவது பிழை. அதில் விமானியுடன், அவசரச் சிகிச்சையில் தேர்ந்த வைத்தியரும், தீவிர சிகிச்சையில் பயின்ற உதவியாளரும் வருகிறார்கள். இரத்தம் செலுத்துதல், மயக்க மருந்து கொடுத்துச் சுவாசத்தைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுதல், உயிர் காக்க வேண்டி அவ்விடத்திலேயே சிறு அறுவை செய்தல் முதலியவற்றை அவர்கள் வயல்வரப்பிலேயே செய்கிறார்கள். சில சமயம் சிகிச்சையளித்தபின் நோயாளியைச் சாதாரண வண்டியிலேயே அனுப்புவதும் உண்டு. ஆகவே ஆஸ்பத்திரியின் ஒரு பகுதியே நோயாளியிடம் வருகிறது என்று கொள்வதே பொருத்தம். டிராக்டர் கவிழ்ந்து அதன் கீழ் அகப்பட்ட உழவருக்கும், வீட்டில் மார்வலி கண்டு நாடி நின்றவருக்கும், இவ்வுதவி எத்தனை நிமிஷத்தில் வந்து சேரும் என்பதே பிழைப்பதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது.

சிறு காசுகளால் எழுந்த நிலையம்

வேல்ஸ் ஆகாய ஆம்புலன்ஸ் ஒரு தர்ம ஸ்தாபனம். 2001-ஆம் வருஷம் மார்ச் மாதம் 1-ஆம் தேதி, அந்நாட்டின் காவல் புனிதரான டேவிடின் திருநாளன்று, ஒரே ஒரு ஹெலிகாப்டருடன் தென்பகுதியில் அது தொடங்கப்பெற்றது. பின்பு வடக்கிலும் நடுப்பகுதியிலும் நிலையங்கள் ஏற்பட்டன. இறுதியில் லனெத்லி அருகிலுள்ள டாவன், கார்டிஃப், வெல்ஷ்பூல், கர்னார்வன் என நான்கு நிலையங்களாயின. ஹெலிகாப்டர், விமானி, எரிபொருள், கட்டடம் ஆகியவற்றின் செலவை ஸ்தாபனம் ஏற்கிறது. 2015 முதல் ஹெலிகாப்டரில் வைத்தியர்களும் செல்லலாயினர். அவர்களை அரசாங்கத்தின் தேசிய சுகாதார சேவை அளிக்கிறது. 2020 டிசம்பர் முதல் கார்டிஃபில் இரவு நேரத்திலும் சேவை நடைபெறத் தொடங்கிற்று. வெல்ஷ்பூலும் கர்னார்வனும் பகல் நிலையங்களாகவே இருந்தன.

ஸ்தாபனத்தின் செலவு 2024 வாக்கில் ஆண்டுக்கு 1 கோடியே 10 லட்சம் ஸ்டெர்லிங் பவுனுக்கு மேற்பட்டது. இத்தொகை வாராந்தரக் குலுக்கல் சீட்டு, பழைய துணி விற்பனை, ஊர்த் திருவிழா வசூல், இறந்தோர் நினைவாக அளிக்கப்பட்ட நன்கொடை என்ற வழிகளில் பொதுமக்களிடமிருந்து திரண்டது. ஹெலிகாப்டரை அடிக்கடி கண்ணாற் கண்ட கிராமத்தார் அதைத் தம்முடையது என்றே எண்ணியதில் வியப்பில்லை.

மூடும் தீர்மானம்

2022-ஆம் வருஷத்தில் ஸ்தாபனமும் வைத்தியப் பகுதியினரும் ஒரு யோசனையை வெளியிட்டனர். வெல்ஷ்பூல், கர்னார்வன் ஆகிய இரு நிலையங்களிலும் உள்ள குழுக்கள் தென்பகுதிக் குழுக்களைப் போல் அத்தனை அடிக்கடி அழைக்கப்படுவதில்லை. அதே சமயம் மாலையிலும் இரவிலும் வடக்கே பலர் உதவியின்றி விடப்படுகின்றனர். ஆகவே இரண்டையும் ஒன்றாக்கி, வடக்குக் கடற்கரையை ஒட்டிச் செல்லும் ஏ-55 நெடுஞ்சாலைக்கு அருகில், ரித்லன் வட்டாரத்தில் ஒரு நிலையம் அமைக்க வேண்டும் என்பது அந்த யோசனை. அங்கு ஒரு குழு காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரையிலும், மற்றொரு குழு பிற்பகல் 2 மணி முதல் பின்னிரவு 2 மணி வரையிலும் வேலை செய்யும்.

எதிர்ப்பு உடனே எழுந்தது. சுகாதார சேவையின் அதிகாரிகள் தனியே ஓர் ஆராய்ச்சி நடத்தினர். 2023 மார்ச் தொடங்கி மூன்று கட்டங்களாகப் பொதுமக்களின் கருத்து கேட்கப்பட்டது. முதலில் வெளியான யோசனையில், மாற்றத்தினால் ஆண்டுக்கு 583 அழைப்புகளுக்குக் கூடுதலாகச் செல்லலாம் என்று சொல்லப்பட்டிருந்தது. பின்னர் வந்த ஆராய்ச்சியில் கூடுதல் எண்ணிக்கை 139 என்றே காணப்பட்டது. கணக்கிடும் முறை மாறினால் விடையும் மாறுவது இயல்பு. அதனால் எவரும் பொய் சொன்னார்கள் என்று ஆகாது. ஆயினும் முதல் எண்ணைக் கேட்டவர்கள் இரண்டாவது எண்ணையும் ஐயத்துடனேயே நோக்கினர். நம்பிக்கை ஒரு முறை தளர்ந்தால் மெய்யான கணக்கும் ஏறாது.

2024-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், வேல்ஸின் ஏழு சுகாதார வாரியங்களின் சார்பில் இயங்கும் கூட்டுக் கமிட்டி இரு நிலையங்களையும் மூடி ஒன்றாக்கும் தீர்மானத்தை நிறைவேற்றியது. கிராமப்புறங்களுக்கெனத் தனியாகத் தரைவழி அவசரச் சேவை ஒன்றை அமைக்கும் பரிந்துரையும் உடன் வைக்கப்பட்டது. வட்டாரத்து மக்கள் வழக்குத் தொடுத்தனர். 2025-இல் உயர் நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளிவிட்டது. இத்தகைய வழக்கில் நீதிமன்றம் ஆராய்வது தீர்மானம் சட்டப்படி எடுக்கப்பட்டதா என்பதையே. தீர்மானம் நல்லதா என்பதையன்று. இவ்வேறுபாட்டைப் பலரும் வழக்குத் தோற்ற பிறகே உணர்கிறார்கள்.

தூரத்தின் கணக்கு

இரு தரப்பாரின் வாதத்திலும் உண்மை உண்டு. அதனை அங்கத்தினர்கள் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். இவ்வகை ஹெலிகாப்டர் மணிக்குச் சுமார் 240 கிலோமீட்டர், அதாவது நிமிஷத்துக்கு 4 கிலோமீட்டர் செல்லும். வெல்ஷ்பூல் நிலையத்திலிருந்து நியூட்டவுன் நேர்க்கோட்டில் ஏறக்குறைய 17 கிலோமீட்டர். பறக்க 4 நிமிஷத்துக்குச் சற்று அதிகம். ரித்லனிலிருந்து அதே நியூட்டவுன் ஏறக்குறைய 87 கிலோமீட்டர், 22 நிமிஷம். வடமேற்கு முனையிலுள்ள அபெர்டாரன் என்ற கடலோர ஊருக்கு, கர்னார்வன் நிலையத்திலிருந்து 10 நிமிஷத்தில் வந்த உதவி, ரித்லனிலிருந்து வர 25 நிமிஷம் ஆகும். பகல் வேளையில் இவ்விரு ஊர்களும் இழப்பது கால் மணி நேரம்.

இனி இரவைப் பார்ப்போம். இரவு 10 மணிக்கு நியூட்டவுனில் விபத்து நேர்ந்தால், பழைய ஏற்பாட்டின்படி ஹெலிகாப்டர் கார்டிஃபிலிருந்து வரவேண்டும். அத்தூரம் சுமார் 115 கிலோமீட்டர், 29 நிமிஷம். ரித்லன் குழு அந்நேரத்தில் வேலையில் இருக்குமாதலால் 22 நிமிஷத்தில் வரக்கூடும். வடக்குக் கடற்கரை நகரங்கள் பலவற்றுக்கோ பகலிலும் இரவிலும் லாபமே. ஆகவே மாற்றத்தினால் எல்லோருக்கும் நஷ்டம் என்பதும் பொருந்தாது. ஒருவருக்கும் நஷ்டமில்லை என்பதும் பொருந்தாது.

கிராமத்தாரின் அச்சத்துக்கு மற்றொரு முக்கிய காரணமும் உண்டு. மேகம் தாழ்ந்தும் மூடுபனி படர்ந்தும் இருக்கும்போது ஹெலிகாப்டர் பறக்க இயலாது. அப்போது அதே வைத்தியர் குழு மோட்டார் வண்டியில் புறப்படும். வெல்ஷ்பூலிலிருந்து நியூட்டவுனுக்கு வண்டியில் விரைவில் வந்துவிடலாம். ரித்லனிலிருந்து மலைச்சாலையில் வர ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். ஆகாயத்தில் கால் மணியாக இருந்த வித்தியாசம் தரையில் பன்மடங்காகிறது. சராசரி என்ற ஒற்றை எண்ணைப் பார்ப்பவர் கண்ணுக்கு இது தென்படுவதில்லை. பண்ணை வீட்டில் இருப்பவருக்கு இதுவே முதலில் தென்படுகிறது.

பணம் யாருடையது, வாக்கு யாருடையது?

இனி நாம் முதலில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். நிலையத்தைத் தங்கள் காசால் தாங்கிய போவிஸ் மக்களுக்கு அதை மூடுவதில் என்ன அதிகாரம் இருந்தது? சட்டப்படி ஒன்றும் இல்லை. தர்ம ஸ்தாபனத்துக்குப் பணம் கொடுத்தவர் நன்கொடையாளர். அவர் அங்கத்தினர் அல்லர். கொடுத்த கணத்திலேயே பணம் ஸ்தாபனத்தின் நோக்கத்துக்கு உரியதாகிவிடுகிறது. நோக்கமோ வேல்ஸ் முழுவதற்கும் சேவை செய்வது. எந்த ஊரார் எவ்வளவு கொடுத்தனர் என்று பார்த்து அவ்வூருக்குச் சலுகை காட்ட தர்மகர்த்தாக்களுக்கு உரிமையில்லை. காட்டினால் அவர்கள் கடமை தவறியவர்கள் ஆவார்கள். வைத்தியர்களை அளிப்பது அரசாங்கமாகையால், முடிவான தீர்மானம் சுகாதார வாரியங்களிடம் சென்றது. மக்கள் கருத்துச் சொல்லலாம், வாக்களிக்க இயலாது.

இதே வேல்ஸ் நாட்டில் வேறொரு முறையும் இருந்தது என்பதை நாம் நினைவுகூர வேண்டும். தெற்கே ட்ரெடீகர் என்ற சுரங்க ஊரில் 1890-ஆம் வருஷம் தொழிலாளர்கள் வைத்திய உதவிச் சங்கம் ஒன்றை நிறுவினர். சம்பளத்தில் ஒரு சிறு பகுதியைச் சந்தாவாகச் செலுத்தி, வைத்தியர்களைத் தாங்களே நியமித்தனர். ஊர்மக்களில் பெரும்பாலோர்க்கு அச்சங்கமே வைத்தியம் அளித்தது. அவ்வூரில் 1897-இல் பிறந்து, அங்குள்ள ஆஸ்பத்திரிக் கமிட்டியிலும் பணியாற்றிய அனெய்ரின் பெவன், பின்னர் மந்திரியாகி 1948-ஆம் வருஷம் ஜூலை 5-ஆம் தேதி தேசிய சுகாதார சேவையைத் தொடங்கி வைத்தார். ஊர்ச் சங்கத்தின் அனுபவம் நாட்டுக்கே வழிகாட்டிற்று. ஆனால் சேவை நாடெங்கும் விரிந்தபோது, சந்தாதாரர் கையிலிருந்த நியமன அதிகாரம் வாரியங்களிடம் போய்ச் சேர்ந்தது. பரப்பு பெருகியது மக்களுக்குப் பெரும் நன்மை. அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் ஒன்று உண்டு.

அங்கத்தினராக இருந்து வாக்களித்திருந்தால் வெல்ஷ்பூல் நிலையம் தப்பியிருக்குமா? தப்பியிருக்கும் என்று நாம் எளிதில் சொல்லிவிட முடியாது. 31 லட்சம் பேரில் 1,33,000 பேர் சிறுபான்மையே. ஒருவருக்கு ஒரு வாக்கு என்பது 1844-இல் ராச்டேல் முன்னோடிகள் காலத்திலிருந்து நம் இயக்கத்தின் உயிர்நாடி. எனினும் அவ்வாக்கு தொலைவிலுள்ள சிலரைத் தானாகவே காப்பாற்றிவிடாது. பெருந்தொகையினர் தங்களுக்கு நன்மையானதைத் தேர்ந்துகொள்வது இயல்பு. அங்கத்தினர் உரிமையின் பயன் எப்போதும் வெற்றி பெறுவதில் இல்லை. தீர்மானம் முடியுமுன் கணக்கைக் கேட்கவும், பதில் பெறவும், நஷ்டத்துக்கு ஈடு என்ன என்று வற்புறுத்தவும் நிலையான ஓர் இடம் கிடைப்பதிலேயே இருக்கிறது.

நம் சங்கங்கள் கொள்ள வேண்டியவை

இவ்விஷயத்தை நம் சங்க நிர்வாகத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். இரண்டு கிராமங்களில் நூல் கிடங்கு வைத்திருக்கும் நெசவாளர் சங்கம் சிக்கனத்தைக் கருதி ஒன்றாக்க நினைக்கலாம். விளைபொருள் எடை போடும் நிலையங்களைக் குறைக்க விற்பனைச் சங்கம் நினைக்கலாம். மொத்தத்தில் சங்கத்துக்கு லாபம் வரக்கூடும். ஆனால் கடைசிக் கிராமத்து நெசவாளர் பாவு நூலுக்காகவும் ஊடை நூலுக்காகவும் அரை நாள் கூலியை இழந்து நடக்க நேரிட்டால், அந்த நஷ்டம் சங்கத்தின் வரவு செலவில் எந்த இனத்திலும் ஏறுவதில்லை. அது அவர் வீட்டு அடுப்பில்தான் தெரியும்.

ஆகவே இத்தகைய தீர்மானங்களில் நான்கு விஷயங்களை வழக்கமாக்கிக்கொள்ளல் நலம்.

முதலாவது, சராசரியை மட்டும் பொதுச்சபையில் வைக்கலாகாது. யாருக்கு லாபம், யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்பதை ஊர்வாரியாகப் பிரித்துக் காட்ட வேண்டும். நஷ்டமடைவோர் சிலரேயாயினும் அவர்கள் பெயரளவிலாவது கணக்கில் நிற்க வேண்டும்.

இரண்டாவது, எண்களை வெளியிடுமுன் நன்கு சரிபார்க்க வேண்டும். பெரிய லாபத்தைச் சொல்லித் தொடங்கிப் பின்னர் சிறிய லாபத்தில் வந்து நிற்பதைக் காட்டிலும், முதலிலேயே சிறியதைச் சொல்வது மேல்.

மூன்றாவது, ஈடாகச் செய்வதாகச் சொல்லும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்த பிறகே பழையதை மூட வேண்டும். பழைய கதவு அடைபட்ட பின் புதிய கதவு திறக்கும் என்ற வாக்குறுதியை நம்பி வாழ்வது கடைசிக் கிராமத்தாரால் இயலாது.

நான்காவது, கிளைகளை மூடும் அதிகாரம் நிர்வாகக் குழுவுக்கா, பொதுச்சபைக்கா என்பதைத் துணைவிதியிலேயே தெளிவாக எழுதி வைக்க வேண்டும். தகராறு வந்த பின் விதியைத் தேடினால் வழக்குமன்றமே மிஞ்சும். அங்கே தீர்ப்பு விதியைப் பற்றியதாக இருக்குமேயன்றி நம் கஷ்டத்தைப் பற்றியதாக இராது.

வேல்ஸ் மக்கள் கொடுத்த காசு வீணாகவில்லை. 2001 முதல் 40,000-க்கு மேற்பட்ட தடவைகள் அந்த ஹெலிகாப்டர்கள் ஆபத்தில் சிக்கியவரை நாடிச் சென்றுள்ளன. தர்மம் செய்வதை நாம் ஒருபோதும் குறைத்து மதிக்கவில்லை. ஆயினும் தர்மமும் கூட்டுறவும் ஒன்றல்ல. நன்கொடைக்கு நன்றி கிடைக்கும். பங்குத் தொகைக்குப் பதில் கிடைக்க வேண்டும். அப்பதிலைக் கேட்டுப் பெறும் உரிமையை அங்கத்தினர்கள் ஆண்டுக்கொரு முறையேனும் பொதுச்சபைக்கு வந்து பயன்படுத்தினால்தான் அது உரிமையாக நிலைக்கும். வராதவரின் நாற்காலி வெறுமையாக இருக்க, வந்தவர்கள் தீர்மானித்துவிட்டார்கள் என்று பின்னர் குறைகூறுவதில் பயனில்லை. அடுத்த பொதுச்சபை அறிவிப்பு வரும்போது, கடைசிக் கிராமத்திலிருப்போர் முதல் ஆளாகப் புறப்படுவார்களாக.